மணலிலிருந்து குட்டைப்புல்லுக்கு: வெப்பப் பகுதி கோல்ஃப் கிரீன்களில் மலிவின் வரலாறு

அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானம் 1907-இல் திறக்கப்பட்டது. அதை அமைத்த டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் கடலோரப் புல்வெளியில் ஆட்டம் பயின்றவர். அப்படிப்பட்டவர் அமைத்த மைதானத்தின் கிரீன்களில் 1935 வரை புல்லே இல்லை. குழியைச் சுற்றிக் களிமண் கலந்த மணல்தான். வேறு பல ஊர்களில் மணல் பறக்காமலிருக்க எண்ணெய் தெளிப்பார்கள். பந்து மணற்பரப்பை அடைந்ததும் ஒருவர் கம்பளத்துண்டை இழுத்துக் காலடித் தடங்களை அழிப்பார். அதன் பிறகே ஆட்டக்காரர் பந்தைத் தட்டுவார். பிரிட்டிஷ் இந்தியாவின் கிளப்புகளிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே இவற்றுக்கு ‘பிரவுன்’ என்று பெயர். தண்ணீர் வேண்டாம், புல்வெட்டி வேண்டாம். மலிவு என்று பார்த்தால் இதை எந்தப் புல்லும் வென்றதில்லை.

மணல் போய்ப் புல் வந்த பிறகுதான் மலிவு என்பது கணக்குப் போட வேண்டிய விஷயமாயிற்று. அந்தக் கணக்கில் புல்லின் விலை சிறு பங்கே வகித்தது, அதை எவ்வளவு தாழ்வாக வெட்ட வேண்டியிருந்தது என்பதே செலவைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1936-இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் பைன்ஹர்ஸ்டுக்கு வரவிருந்ததால், முந்தைய ஆண்டில் ராஸ் கிரீன்களைப் பெர்முடா புல்லுக்கு மாற்றினார். சைனோடான் டாக்டிலான் என்று தாவரவியல் குறிக்கும் இப்புல், நாம் பிள்ளையாருக்கு மாலை கட்டும் அருகம்புல்லேதான். வெயிலில் தழைக்கும், மிதியைத் தாங்கும், வெட்டினாலும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவும். குறை, அதன் இலை முரடு. விதையிலிருந்து முளைத்த ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதம். ஒரே கிரீனில் ஒரு திட்டு மென்மையாகவும் அடுத்தது சொரசொரப்பாகவும் இருந்தால் பந்து எப்படி நேராக ஓடும்?

இதற்கு வழி கண்டவர் கிளென் பர்ட்டன். 1936 முதல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் தீவனப் புல் வளர்ப்பு அவருடைய வேலை. (கோல்ஃப் வாசனையே இல்லாத நம் ஊர்க்காரருக்கும் அவர் அந்நியரல்லர்: 1965-இல் இந்தியாவில் வெளியான முதல் வீரியக் கம்பு எச்.பி.-1, அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்னும் ஆண்மலட்டு வரிசையைத் தாயாகக் கொண்டது.) சார்லட் நகர கிளப் ஒன்றின் கிரீனில் கிடைத்த மென்மையான அருகம்புல்லை, தென்னாப்பிரிக்காவின் சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸுடன் அவர் கலந்தார். 36 குரோமோசோம் கொண்ட ஒன்றும் 18 கொண்ட மற்றொன்றும் சேர்ந்ததில், 27 குரோமோசோம் கொண்ட மலட்டுப் புல் பிறந்தது. 1956-இல் அது டிஃப்கிரீன் என்ற பெயரில் வெளியானது.

மலட்டுத்தன்மை இங்கே பெரிய வசதியாயிற்று. விதை இல்லாததால் எல்லாக் கிரீன்களிலும் வளர்வது ஒரே செடியின் துண்டுகள். பரப்பு சீராக அமைந்தது. ஓடுதண்டுகளை நறுக்கி மண்மேல் தூவி, மெல்லிய மணல் போர்த்தி, உருளையால் அழுத்தி, காயவிடாமல் ஒரு நாளைக்குப் பலமுறை நீர் தெளித்தால், கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் கிரீன் ஆட்டத்துக்குத் தயார். காப்புரிமை இல்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்றங்கால் வைத்திருந்த கிளப் மறுமுறை புல் வாங்க வேண்டியதே இல்லை. வெட்டு உயரம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். பிறகு டிஃப்கிரீன் கிரீன்களிலேயே இயற்கையான சடுதிமாற்றத்தால் தோன்றிய குட்டைத் திட்டு ஒன்றைப் பிரித்தெடுத்து, 1965-இல் டிஃப்டுவார்ஃப் என வெளியிட்டார்கள். வெப்பநாட்டுப் புல் கிரீன் மிக மலிவாக இருந்தது இந்தக் காலத்தில்தான் என்பேன்.

அந்த நிலையைக் குலைத்தது ஓர் அளவுகோல். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-இல் செய்த சரிவுக் கருவியைத் திருத்தி, அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1978-இல் கிளப்புகளுக்கு வழங்கியது. பந்து எத்தனை அடி உருள்கிறது என்று எண்ணிச் சொல்ல முடிந்ததும் கிளப்புகளிடையே வேகப் போட்டி மூண்டது. பந்து வேகமாக உருளப் புல்லை இன்னும் தாழ்வாக வெட்ட வேண்டும். அகஸ்டா நேஷனல் தன் பெர்முடா கிரீன்களைக் குளிர்ப்பகுதிப் புல்லான பென்ட்டுக்கு மாற்றி, 1981 மாஸ்டர்ஸ் போட்டியை அதில் நடத்தியது. தெற்கில் பலரும் பின்தொடர்ந்தனர். ஆனால் மண் சூடேறினால் பென்ட்டின் வேர் சுருங்கிவிடும். ஜூலை மதியத்தில் ஒருவர் குழாயுடன் நின்று இலைமேல் நீர் தூவ வேண்டும். ஓரத்தில் ராட்சத மின்விசிறிகள் ஓட வேண்டும். பூஞ்சைக்கொல்லி இடைவிடாது தெளிக்க வேண்டும். அகஸ்டா கோடையில் மூடிக்கிடக்கும் கிளப். அதற்கு இது கட்டுப்படியாகும். ஆண்டு முழுதும் ஆட்டம் நடக்கும் ஊராட்சி மைதானம் அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டது.

1990களில் மீகுட்டைப் புற்கள் வந்தன. டெக்சாஸில் ஒரு டிஃப்டுவார்ஃப் கிரீனில் கண்டெடுத்தது சாம்பியன்; டிஃப்டனில் கதிர்வீச்சால் விளைந்தது டிஃப்ஈகிள். இவை 3 மில்லிமீட்டர் வெட்டையும் தாங்கின. பழைய கிரீனைத் தோண்டாமல், இருக்கும் புல்லைக் கொன்றுவிட்டு அதன்மேலேயே நடும் முறையும் பரவியதால் மாற்றும் செலவு வெகுவாகக் குறைந்தது. இடையில் பென்ட்டுக்குப் போயிருந்த பைன்ஹர்ஸ்ட்டும், 2014-இல் ஆடவர், மகளிர் என இரு யு.எஸ். ஓப்பன் போட்டிகளையும் அடுத்தடுத்து நடத்தி முடித்த கையோடு சாம்பியனை நட்டது.

பென்ட்டோடு ஒப்பிட்டால் இவை மலிவு. டிஃப்டுவார்ஃபோடு ஒப்பிட்டால் அல்ல. அடர்ந்து வளர்வதால் இலைக்கும் மண்ணுக்கும் நடுவே நார்ப்படலம் விரைவில் தடிக்கும். செங்குத்தாகக் கீறி, அடிக்கடி மெல்லிய மணல் தூவாவிட்டால் கிரீன் பஞ்சுமெத்தையாகிவிடும். காப்புரிமைத் தொகை வேறு. இவற்றைத் தந்த அதே சடுதிமாற்றம் கிரீனில் ஓய்வதுமில்லை: நிறமும் வளர்ச்சியும் வேறான திட்டுகள் சில ஆண்டுகளில் முளைக்கும், அவற்றைக் கத்தியால் பெயர்த்தெடுக்க ஆள் வேண்டும்.

ஆகவே வேகப் போட்டியில் இல்லாத கிளப்புக்கு, உறைபனியில்லாத ஊரில், டிஃப்டுவார்ஃபே இன்றும் சிக்கனம். மலேசியாவில் செராங்கூன் புல் என்றழைக்கப்படும் டிஜிடேரியா டிடாக்டிலாவும், அமில மண்ணிலும் குறைந்த உரத்திலும் வளர்ந்து, பழைய கிரீன்களில் நன்றாகவே உழைத்தது. நீர் உவர்ப்பாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஜார்ஜியாவின் கிரிஃபினில் ரானி டங்கன் 1990களில் தேர்ந்தெடுத்த கடற்கரைப் பாஸ்பாலம் வகைகள், மற்ற புற்களைக் கருக்கும் உப்புநீரிலும் பச்சையாக நிற்கின்றன. அந்த உப்பே களைகளையும் ஒடுக்குகிறது. நல்ல தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் பாஸ்பாலத்தைத் தேர்வதற்குச் செலவு சார்ந்த காரணம் எதையும் நான் காணவில்லை.