செந்நிற விமானமும் சான்றாராய்ச்சியும்

முதலாம் உலகப் போரிலே வானிற் பொருத வீரர் பலராயினும், பலரும் இன்றளவும் நினைவிற் கொண்டுள்ள பெயர் மான்பிரெட் வொன் ரிக்தோபன் என்னும் ஜேர்மானியருடையதேயாகும். 1892ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1916 செப்டெம்பருக்கும் 1918 ஏப்பிரிலுக்கும் இடையில் எண்பது பகை விமானங்களை வீழ்த்தியவராகக் கணிக்கப்பட்டவர். தமது இருபத்தைந்தாம் வயதிலே தாமும் வீழ்ந்தவர். 'செந்நிறப் பிரபு' என்னும் பட்டப்பெயரைக் கேட்டவுடன், மூன்றடுக்கு இறக்கைகளோடு முழுவதும் சிவந்த விமானமொன்று நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. ஓவியங்களும் திரைப்படங்களும் சிறுவர் கூட்டி ஒட்டும் மாதிரி விமானங்களும் இவ்வுருவத்தையே எங்கும் பரப்பின. இவ்வுருவம் எத்துணை மெய்யானது என்பதையும், அதனை அறியும் வழி யாது என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானத்திற் பூசிய நிறம் எதுவாயின் என்ன என வினவுவாரும் உளர். அக்காலப் போர்விமானங்களிலே ஒருவரோடொருவர் பேசுதற்கு வானொலிக் கருவி இருந்ததில்லை. நண்பன் யார், பகைவன் யார், தலைவன் எங்கே என்பவற்றை நிறங்கொண்டும் குறிகொண்டுமே விமானிகள் உணர்ந்தனர். நாட்டைக் குறிக்கும் சிலுவை, இயந்திரத்தைக் குறிக்கும் எண், குழுவைக் குறிக்கும் நிறம், ஆளைக் குறிக்கும் தனியடையாளம் எனப் பலவகைக் குறிகள் ஒரே விமானத்தில் அமைந்திருந்தன. அவற்றை முறையாகப் படிப்பவன் அவ்விமானத்தின் வரலாற்றையே படிப்பவனாவான்.

1917 சனவரியில் ரிக்தோபன் பதினோராம் போர்விமானக் குழுவின் தலைமையை ஏற்றார். தம் விமானத்திற்குச் சிவப்பு நிறம் பூசும் எண்ணம் தோன்றியதைத் தாம் எழுதி 1917இல் வெளியான நூலில் அவரே கூறியுள்ளார். பின்னர் அக்குழுவினர் அனைவரும் சிவப்பைக் குழு நிறமாகக் கொண்டனர். ஆயினும் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேறு நிறமொன்றையும் சேர்த்துக்கொண்டனர். தம்பியாகிய லோதார் மஞ்சளையும், வுல்வ் என்பவர் பச்சையையும் கொண்டனர். ஆகவே, சிவந்த விமானங்களெல்லாம் ரிக்தோபனுடையன அல்ல. அவர் செலுத்திய விமானங்களெல்லாம் மூவிறக்கை விமானங்களும் அல்ல. எண்பது வெற்றிகளுள் பத்தொன்பது மாத்திரமே மூவிறக்கைப் பொக்கர் விமானங்களிற் பெற்றவை. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை அல்பத்ரொஸ் என்னும் ஈரிறக்கை விமானங்களிற் பெற்றவையாகும்.

இனிச் சான்றுகளை ஒவ்வொன்றாக நோக்குவாம். முதலாவது நிழற்படம். நிழற்படம் பொய் கூறாது என்பர். ஆனால் அதன் மொழியை அறியாதவனை அது எளிதில் ஏமாற்றிவிடும். அக்காலத்திற் பெருவழக்காயிருந்த படத்தகடுகள் நீலத்தை மிகுதியாகவும் பச்சையை ஓரளவும் உணர்ந்தன. செந்நிறத்தையோ சிறிதும் உணரவில்லை. ஆகவே சிவப்பு, படத்திலே கருமையாகத் தோன்றும். வெளிர்நீலம் வெண்மைபோலத் தோன்றும். மஞ்சளும் இருண்டு காணப்படும். படத்திற் கரியதாய்க் காணும் ஒரு பகுதி, கருமையோ, சிவப்போ, கடும் பச்சையோ என்பதை அப்படம் ஒன்றைக்கொண்டே துணிதல் இயலாது. எழுத்துத் தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவன், அறிந்த எழுத்தை முதலிற் கண்டு, அதனோடு ஒப்பிட்டு அறியாத எழுத்தைத் துணிவது போல, ஆராய்ச்சியாளனும் நிறம் உறுதியாகத் தெரிந்த சிலுவையின் கருமையோடு பிற பகுதிகளை ஒப்பிட்டே முடிபு காணல் வேண்டும்.

இரண்டாவது எழுத்துச் சான்று. தாம் செலுத்திய விமானத்தின் எண்ணை ரிக்தோபன் தமது போர் அறிக்கைகளிற் குறித்துள்ளார். அவ்வெண்ணையும் நிழற்படத்தையும் இணைத்து நோக்கும்போது பொதுக்கதை தளர்கின்றது. 1917 செப்டெம்பர் 1ஆந் திகதி அவர் தமது அறுபதாவது வெற்றியைப் பெற்றது 102/17 என்னும் எண்ணுடைய மூவிறக்கை விமானத்திலாகும். அவ்விமானம் சிவப்பன்று, தொழிற்சாலையிற் பூசிய பச்சைக் கீற்றுக்களோடே இருந்தது. எதிரி தம்மை ஆங்கில மூவிறக்கை விமானமெனக் கருதினான் போலும் என்றும், அதனாலேயே துப்பாக்கியைக் கையாளாது எழுந்து நின்றான் என்றும் ரிக்தோபன் தம் அறிக்கையிற் கூறுகின்றார். அடையாளத்தை அறியத் தவறுதல் போர்க்களத்திலே உயிரிழப்பிற்கே காரணமாகலாம் என்பதற்கு இது சான்று. 1918 மார்ச்சில் அவர் செலுத்திய 152/17இலும் முகப்பு, வால், மேல் இறக்கை முதலிய பகுதிகளே சிவந்திருந்தன.

மூன்றாவது, சிலுவையின் வடிவம். போரின் பெரும்பகுதியில் ஜேர்மானிய விமானங்களில், முனைகள் அகன்று வளைந்த சிலுவையே தீட்டப்பட்டது. 1918 மார்ச்சில் அதனை நீக்கி, நேர்கோட்டுச் சிலுவையைத் தீட்டுமாறு ஆணை பிறந்தது. ஆதலின் நேர்கோட்டுச் சிலுவையோடு தோன்றும் ரிக்தோபனது விமானப்படம் எதுவும், அவர் வாழ்வின் இறுதி வாரங்களுக்கு உரியதாகவே கொள்ளத்தக்கது. திகதியிடப்படாத படத்திற்கு இச்சிறு கோடுகளே திகதி தருகின்றன.

நான்காவது, எஞ்சிய பொருள். 1918 ஏப்பிரில் 21ஆந் திகதி, பிரான்சின் சொம் ஆற்றங்கரையிலுள்ள வோ என்னும் ஊருக்கு அண்மையில், 425/17 என்னும் விமானத்தோடு ரிக்தோபன் வீழ்ந்தார். விமானம் பெருஞ் சேதமின்றியே தரையை அடைந்தது. ஆனால் நினைவுப் பொருள் தேடிய போர்வீரர் அதன் சீலையைக் கிழித்தும் உறுப்புக்களைக் கழற்றியும் எடுத்துச் சென்றனர். இயந்திரம் இலண்டன் போர் அரும்பொருட்சாலையையும், செலுத்துங்கோல் அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தையும், இருக்கை கனடாவின் தொரொன்ரோ நகரையும் அடைந்தன. சிலுவை தீட்டிய சீலைத்துண்டும் காக்கப்பட்டுள்ளது. விமானத்தை அழித்த அதே ஆசை அதன் துண்டுகளைக் காத்தும் தந்தது. இத்துண்டுகளிற் காணும் சிவப்பு, நூறாண்டு கடந்தும் நேரே கண்டறியத்தக்க சான்றாகும்.

ஐந்தாவது, கண்டோர் கூற்று. அன்று ரிக்தோபனைத் தாக்கிய கனேடிய விமானி கப்டன் றோய் பிறவுண், முற்றுஞ் சிவந்த மூவிறக்கை விமானமொன்றைத் தாம் தாக்கியதாகத் தம் போர் அறிக்கையில் எழுதினார். எஞ்சிய சீலையும் அக்கூற்றை உறுதி செய்கின்றது. ஆயின், அவ்விமானத்தை வீழ்த்தியவர் தாமே என்னும் அவருடைய உரிமையைப் பிற்கால ஆராய்ச்சியாளருட் பலர் ஏற்பதில்லை. தரையிலிருந்து எய்த குண்டொன்றே ரிக்தோபனைக் கொன்றது என்பதே இன்று பலர் கொள்ளும் முடிபு. ஒரே மனிதன் எழுதிய ஒரே அறிக்கை, நிறத்தைப் பற்றி நம்பத்தக்கதாயும், கொலையைப் பற்றி ஐயத்திற்குரியதாயும் நிற்றல் ஈண்டுக் கருதத்தக்கது. சான்று முழுவதையும் ஏற்றலும் முழுவதையும் தள்ளலும் ஆராய்ச்சியாகா. எதனை அவன் கண்ணாற் கண்டான், எதனைக் கருதி உணர்ந்தான் எனப் பிரித்தறிதலே ஆராய்ச்சியாகும்.

இவற்றாற் பெறப்படும் முடிபு யாது? முற்றுஞ் சிவந்த மூவிறக்கை விமானம் கற்பனையன்று, 425/17 அத்தகையதே. ஆயின் அது ரிக்தோபனது போர் வாழ்வின் இறுதிக் காலத்துக்கே உரியது. மக்கள் நினைவோ அக்குறுகிய காலத்தின் நிறத்தை இருபது மாதங்களின் மேலும் பூசிவிட்டது.

இந்நிறம் வேறொன்றையும் மறைத்துவிட்டது. 1918 ஏப்பிரில் 20ஆந் திகதி, சில நிமிட இடைவெளியில், அதே 425/17 விமானத்திலிருந்து ரிக்தோபன் இரண்டு ஆங்கில விமானங்களை வீழ்த்தினார். ஒன்றிலிருந்த மேஜர் றேமண்ட் பாக்கர் உயிரிழந்தார். மற்றதிலிருந்த இளைஞர் டேவிட் லூயிஸ் உயிர் பிழைத்துச் சிறைப்பட்டார். எழுபத்தொன்பது, எண்பது என்னும் வெற்று எண்களாய்க் கிடந்த இவ்விருவரையும் மீண்டும் மனிதராக நம்முன் நிறுத்துவது, எண்களையும் திகதிகளையும் இணைக்கும் பொறுமையான ஆராய்ச்சியேயாகும். வீரனின் விமான நிறத்தை உள்ளவாறு அறிய முயல்பவன், அவனாற் கொல்லப்பட்டோர் யாவர் என்பதையும் உடனறிகின்றான். வரலாறு பயிலும் மாணவர் சிறு குறிகளை அற்பமென ஒதுக்காது, ஒன்றன் சான்றை மற்றொன்றால் அளந்து பார்ப்பாராயின், கதை மறைத்த மனிதர் பலரை மீட்டெடுக்க வல்லவராவர்.