ஒலிவாங்கிக்குள் இரைந்த மின்சாரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் முதியவர் ஒருவரின் நினைவுகளை மடிக்கணினியிற் பதிவுசெய்தேன். கொட்டாஞ்சேனையிற் பிறந்து, அச்சுக்கோப்பாளராக வாழ்வைத் தொடங்கியவர். இரண்டு மணித்தியாலம் மனம் திறந்து பேசினார். வீடு திரும்பிக் கேட்டபோது, அவர் குரலின் அடியில் வண்டொன்று இரைவது போன்ற ஓசை முடிவுவரை தொடர்ந்தது. மறுமுறை சந்திப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தபோதுதான், அதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டென அறிந்தேன்.

இலங்கையில் நம் வீடுகளுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைகின்றது. அதனை நேரோட்டமாக மாற்றும் கருவிகளில் 100 தடவை அதிரும் எச்சமும் தங்கும். ஒலிவாங்கி தரும் மின்குறிகையோ மிக நுண்ணியது. அருகிலுள்ள மின்கம்பியின் சிறு பாதிப்பும் பன்மடங்கு பெருக்கப்பட்டு நம் காதில் விழுகின்றது.

தொலைபேசியின் தொடக்க காலத்திலேயே இத்தொல்லை இருந்தது. ஒற்றைக் கம்பியும் பூமியுமாகச் சுற்றை அமைத்தபோது அயற்கம்பிகளின் ஓசை உட்புகுந்தது. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் வழிக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்றார். இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சல், மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றது. வானொலி நிலையங்களின் ஒலிவாங்கிக் கம்பிகள் பின்னர் இத்தத்துவத்தையே கைக்கொண்டன.

கொழும்பில் எட்வேர்ட் ஹார்ப்பர் 1923 இல் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. உலகெங்கும் அக்கால வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் பற்றரியில் இயங்கின. பற்றரியில் ஆடலோட்டம் இல்லை. ஆகவே இந்த இரைச்சலும் இல்லை. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பெட்டிகள் வந்தபோது அதுவும் உடன் வந்தது. கொள்ளளவி பழுதடைந்த பழைய வால்வு வானொலி உறுமியதை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

கணினிகளின் சிறிய ஒலிவாங்கிகளுக்கு மூலமான எலெக்ட்ரெட் வகையை, 1962 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் உருவாக்கினர். மலிவானது, நல்லது. ஆயினும் சாதாரண கணினி ஒலிவாங்கியின் மெல்லிய கம்பியில், இரைச்சலைக் கழிக்கும் அந்த இரட்டை ஏற்பாடு இல்லை. பழைய தொல்லை மீண்டும் குடிபுகுந்தது இவ்வழியாகத்தான்.

என் வழக்கில் குற்றவாளி மின்னேற்றி. அதன் கம்பியைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கிற்று. அது காரணமில்லையெனில், கணினியோடு இணைத்த ஒலிபெருக்கி முதலியவற்றை ஒரே மின்செருகியிற் பொருத்திப் பார்க்கலாம். ஒலிவாங்கிக் கம்பியை மின்கம்பிகளிலிருந்து விலக்கலாம். இரைச்சலை ஒழிக்கவென்று புவித்தொடுப்பை மட்டும் ஒருபோதும் துண்டிக்கலாகாது, அது உயிர்காப்பு.

பதிவிலுள்ள இரைச்சலை மென்பொருளால் வடிகட்டிப் பார்த்தேன். ஓரளவு குறைந்தது. ஆனால் ஆண்குரலின் அடித்தளமும் அந்த 100 அதிர்வுகளின் அயலிலேயே இருப்பதால், முதியவரின் குரலும் சற்று மெலிந்துபோயிற்று.

இப்போதெல்லாம் எவரையும் பேச அழைக்குமுன், மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிட மௌனத்தைப் பதிவுசெய்து கேட்கின்றேன். முதியோரின் குரல்களைச் சேகரிக்கும் நண்பர்களும் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவார்களாக.