நாற்றைக் கொடுத்து நெல் வாங்கலாமா?

வளர்ந்து வரும் பந்துவீச்சாளரைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கே ஜெயித்துத் தரும் அனுபவசாலியை வாங்கலாமா? ஐ.பி.எல். ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் இந்தக் கேள்வி அமெரிக்க பேஸ்பாலில் ரொம்பப் பழசு.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டா அணிக்குக் கொடுத்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அவர் 9 ஆட்டங்களில் வென்றார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வெறும் 2 ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அடுத்த சுற்றில் அவரும் தோற்றார், அணியும் வெளியேறியது. ஸ்மோல்ட்ஸோ 1995-ல் அட்லாண்டாவோடு கோப்பை வென்றார். 1996-ல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கினார்!

இனி நம்ம கதை. 2019 நவம்பரில் டெல்லி கேபிடல்ஸ், இளம் சுழல்பந்து வீரர் ஜெகதீஷா சுசித்தையும் 1.5 கோடி ரூபாயையும் பஞ்சாபுக்குக் கொடுத்து நம்ம அஸ்வினை வாங்கியது. 2020-ல் டெல்லி முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போனது. லாபம்தானே? பொறுங்கள். அதே நவம்பரில் டிரென்ட் போல்ட்டை மும்பைக்கு விட்டுக்கொடுத்ததும் டெல்லிதான். இறுதிப் போட்டியின் முதல் பந்திலேயே ஸ்டோய்னிஸை வீழ்த்தி, மொத்தம் 3 விக்கெட் எடுத்து, ஆட்டநாயகன் ஆனவர் அந்த போல்ட்!

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: வந்தவரை மட்டும் வரவில் எழுதினால் கணக்கு முடியாது. போனவர் யார், யாரிடம் போனார் என்று செலவுப் பக்கமும் எழுத வேண்டும். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நாற்றைக் கொடுக்கலாம். ஆனால் எதிர்த்து ஆடப்போகிறவன் வயலில் அதை நட்டுவிடக் கூடாது.