மேக் மினியின் மூடியும் பூட்டும்

என் மேசைக்கு வரும் ஆப்பிள் கணினிகளில் நீண்ட நாள் உழைப்பது எது என்று கேட்டால், 2012-ல் வந்த மேக் மினி என்று யோசிக்காமல் சொல்வேன். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சின்னக் கடையில் மேக் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அச்சகம், டப்பிங் ஸ்டுடியோ, எடிட்டிங் அறை என்று எங்கெங்கிருந்தோ இந்தப் பெட்டி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. கொண்டுவருகிறவர்கள் கேட்பதும் ஒன்றேதான்: "அண்ணே, எஸ்எஸ்டி போட்டு, புது ஓஎஸ் ஏத்திக் கொடுங்க." கேட்க ஒரே வேலை மாதிரி இருக்கும். ஆனால் டிஸ்க்கை மாற்றும் உரிமை ஒரு வழியாகவும், ஓஎஸ் ஏற்றும் உரிமை வேறு வழியாகவும் நம் கைக்கு வந்து, நம் கையை விட்டுப் போயிருக்கின்றன.

ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மினியை 2005 ஜனவரி 11 அன்று சான் பிரான்சிஸ்கோ மேக்வேர்ல்டு மேடையில் காட்டினார். விலை 499 டாலர். திரை, கீபோர்டு, மவுஸ் எதுவும் கிடையாது; இருப்பதைச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம். அந்த இடத்துக்குள் மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் அடங்காது. அதனால் லேப்டாப்பில் போடும் 2.5 அங்குல டிஸ்க்கை வைத்தார்கள். 40 ஜிபி கொள்ளளவு, நிமிடத்துக்கு 4,200 சுற்று. இடம் போதாமல் செய்துகொண்ட இந்தச் சமரசம்தான் பிற்பாடு மினியைக் காப்பாற்றியது. ஏனென்றால் எஸ்எஸ்டி கடைக்கு வந்தபோது அதே 2.5 அங்குல அளவில்தான் வந்தது.

அந்த முதல் பெட்டியில் வெளியே ஒரு ஸ்க்ரூ கூடத் தெரியாது. பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை எடுத்து, அலுமினிய உறைக்கும் பிளாஸ்டிக் அடிப்பாகத்துக்கும் நடுவே செருகி நெம்ப வேண்டும். உள்ளே இருக்கும் கொக்கிகள் வரிசையாக 'பட் பட்' என்று விடும். கேட்கிறவருக்கு ஏதோ உடைகிற மாதிரியே இருக்கும். ஆப்பிளின் சொந்த சர்வீஸ் கையேடே அந்தத் தகட்டைத்தான் சொன்னது. 2006-ல் இன்டெல் சிப்புக்கு மாறியபோது டிஸ்க் இணைப்பு சாட்டாவாக மாறியது. திறக்கும் முறை மட்டும் மாறவில்லை.

2010 ஜூனில் மினி முழு அலுமினியப் பெட்டியாக வந்தது. அடியில் வட்டமான கறுப்பு மூடி. அதில் கட்டைவிரல் வைக்க இரண்டு பள்ளம். திருகினால் மூடி கையோடு வரும். ரேம் இரண்டும் கண்ணெதிரே இருக்கும். கருவி எதுவும் வேண்டாம். அந்த மூடியை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நன்றி உண்டு. வாங்கியவன் உள்ளே பார்ப்பான் என்று எதிர்பார்த்துச் செய்த மூடி அது. 2011-ல் டிவிடி டிரைவை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க் வைக்க வழி பிறந்தது. 2012 மாடலில் நான்கு கோர் ஐ7 சிப்பும் 16 ஜிபி வரை ரேமும் கிடைத்தன. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் டிஸ்க் மட்டும் பழையபடி 5,400 சுற்று லேப்டாப் டிஸ்க்தான்.

சுற்றும் டிஸ்க்கில் ஒரு ஃபைலை எடுக்க வேண்டுமானால், தகடு திரும்பி அந்த இடம் ஊசிக்குக் கீழே வரவேண்டும். 5,400 சுற்றில் சராசரி அரைச் சுற்றுக்கே ஐந்தரை மில்லி விநாடி ஆகிறது. ஊசி நகரும் நேரம் தனி. ஓஎஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு. அதுவரை நான்கு கோர் சிப் சும்மா உட்கார்ந்திருக்கும். சுற்றும் தகடே இல்லாத எஸ்எஸ்டியில் இந்தக் காத்திருப்பு கிடையாது.

2012 பெட்டியைப் பிரிப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திருகி எடுத்து, ஃபேனின் மூன்று டார்க்ஸ் ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டும். அடுத்து காற்றைத் திருப்பிவிடும் கறுப்பு பிளாஸ்டிக் வரும். அதன் பிறகு நான்கு ஸ்க்ரூ பிடித்திருக்கும் துளையிட்ட தகடு. அவசரக்காரர்கள் அதை அப்படியே தூக்கிவிடுவார்கள். அந்தத் தகடுதான் வைஃபை ஆன்டெனா. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கறுப்பு ஒயர் போய், கடுகை விடச் சற்றே பெரிய உருண்டைப் பின்னால் போர்டில் மாட்டியிருக்கும். தகட்டைப் பாதி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பின்னை பிளாஸ்டிக் நெம்பியால் நேர் மேலாக எடுக்க வேண்டும். பிறகு டிஸ்க்கின் கேபிளைக் கழட்டினால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குமிழ் ஸ்க்ரூவை எஸ்எஸ்டிக்கு மாற்றி, திரும்ப உள்ளே தள்ள வேண்டும். இரண்டாவது டிஸ்க்கும் சேர்த்துப் போட வேண்டுமென்றால் போர்டையே வெளியே இழுக்க வேண்டும். அதற்குத் தனி கேபிளும் வேண்டும்.

வன்பொருள் இப்படித் திறந்து கிடந்த அதே காலத்தில்தான் மென்பொருள் பக்கம் பூட்டு ஒவ்வொன்றாக விழுந்தது. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட எஸ்எஸ்டிக்கு ட்ரிம் வசதியை ஆப்பிள் தரவில்லை. அழித்த ஃபைலின் இடம் காலியாகிவிட்டது என்று டிஸ்க்குக்குச் சொல்லும் கட்டளை அது. இல்லாவிட்டால் நாளடைவில் எழுதும் வேகம் குறையும். 2015 ஜூனில், மேக் ஓஎஸ் யோசெமிட்டியின் 10.10.4 பதிப்பில்தான் டெர்மினலில் 'ட்ரிம்ஃபோர்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தார்கள்.

2018-ல் வந்த மொஹாவே ஓஎஸ், சுற்றும் டிஸ்க்கையும் ஏபிஎஃப்எஸ் என்ற ஃபைல் அடுக்கும் முறைக்கு மாற்றியது. அது எஸ்எஸ்டியை மனதில் வைத்து எழுதிய முறை. சுற்றும் டிஸ்க்கில் தகவலைச் சிதறடித்து வைக்கும். நாள் ஆக ஆக நொண்டும். "அப்டேட் பண்ணினேன், செத்துப்போச்சு" என்று அந்த வருஷம் வந்தவர்களின் பெட்டியில் பெரும்பாலும் எந்தப் பழுதும் இருக்காது. டிஸ்க்கை மாற்றாமல் ஓஎஸ்ஸை மட்டும் ஏற்றியதன் பலன் அது. அதனால்தான் இந்த இரண்டு வேலையையும் பிரித்துச் செய்யக்கூடாது என்று இன்றும் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அடுத்த வருஷமே 2012 மினிக்குக் கடைசிப் பதிப்பான கேட்டலினா வந்தது. அது 32 பிட் மென்பொருளை ஓடவே விடாது. இன்டிசைன் சிஎஸ்6 வைத்துப் பழைய புத்தக ஃபைல்களைக் காப்பாற்றி வரும் அச்சகத்தார் மொஹாவேயில் நின்றுவிட்டார்கள். பழைய ஓஎஸ்ஸில் நிற்பதும் லேசு இல்லை. இன்ஸ்டாலர் நம்பகமானது என்று காட்டும் ஆப்பிளின் ஒரு சான்றிதழ் 2019 அக்டோபர் 24-ல் காலாவதியானது. அதற்கு முன் இறக்கி வைத்த இன்ஸ்டாலர்களெல்லாம் 'இது சேதமடைந்தது' என்று சொல்ல ஆரம்பித்தன. நல்ல ஃபைல்தான். டெர்மினலில் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் பேசாமல் இன்ஸ்டால் ஆகிவிடும். வேலை செய்கிற பெட்டியை இப்படிப் பொய் சொல்லித் தூக்கிப்போட வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

2020-ல் வந்த பிக் சர் 2012 மினியைக் கைவிட்டது. பூட்டைத் திறந்தவர்கள் தன்னார்வலர்கள். ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற இலவசக் கருவியை எழுதினார்கள். அடுத்து வந்த மான்ட்டெரேயில் ஆப்பிள் எடுத்துவிட்ட, இந்தப் பெட்டிக்கான எச்டி 4000 கிராஃபிக்ஸ் டிரைவரை, முந்தைய பதிப்பிலிருந்து எடுத்துவந்து திரும்பப் பொருத்துகிறது அது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் பேட்ச்சை மறுபடி போட வேண்டும். பாதுகாப்பு அமைப்பைக் கொஞ்சம் தளர்த்தவும் வேண்டும். வங்கி வேலை பார்க்கிறவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பேன்.

வன்பொருளும் திறந்தே இருந்துவிடவில்லை. 2014 மாடலில் ரேமை போர்டோடு சால்டர் செய்தார்கள். நான்கு கோர் சிப்பும் போயிற்று. 2012 பெட்டிக்குப் பழைய மார்க்கெட்டில் விலை இறங்காமல் நின்றது அதனால்தான். 2018-ல் ரேம் ஸ்லாட்டுக்குத் திரும்பியது, எஸ்எஸ்டி சால்டருக்குப் போனது. 2020-ன் எம்1-ல் இரண்டுமே கைக்கு எட்டாது. 2024-ல் வந்த ஐந்து அங்குல எம்4 மினியில் சேமிப்பு மறுபடி தனி அட்டையாக வந்திருக்கிறது. ஆனால் கன்ட்ரோலர் மெயின் சிப்புக்குள் இருப்பதால் கடையில் விற்கும் எஸ்எஸ்டி அதில் சேராது. அட்டையை மாற்றினால் இன்னொரு மேக்கை இணைத்து ரீஸ்டோர் செய்தாக வேண்டும்.

அச்சகத்தாருக்கு நான் இப்போது செய்து கொடுப்பது 2012 பெட்டியின் இரண்டு இடத்திலும் எஸ்எஸ்டி. ஒன்றில் மொஹாவே, அதில் இன்டர்நெட் கிடையாது, பழைய ஃபைல் திறக்க மட்டும். இன்னொன்றில் பேட்ச் போட்ட மான்ட்டெரே. மெயில் பார்க்க, வாடிக்கையாளருக்கு பிடிஎஃப் அனுப்ப. ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்தால் தேர்வுத் திரை வரும்; மொஹாவேயை நேராகவும், மான்ட்டெரேயை ஓப்பன்கோர் வழியாகவும் தேர்ந்துகொள்ளலாம்.