மாமல்லன் அனுப்பிய படை

மாமல்லபுரம் போனால் கல்லை மட்டும் பார்க்காமல் கொஞ்சம் கடலையும் பாருங்க. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மன் இலங்கைக்குப் படை அனுப்பியது இங்கிருந்துதான் என்கிறார்கள். நாடிழந்து வந்த மானவம்மன், புலிகேசிக்கு எதிரான போரில் பல்லவனுக்காக வாளெடுத்தவன். நன்றிக்கடன்! அப்படியும் முதல் தடவை சொதப்பல். தங்கள் ராஜாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சேதி கிடைத்ததும் படை ஊரைப் பார்க்கக் கிளம்பிடுச்சாம், சூளவம்சம் சொல்கிறது. பின்னே, அடுத்தவன் சிம்மாசனத்துக்காக எவன் சாவான்? மறுபடி படை போய்த்தான் மானவம்மன் முடிசூடினான்.

1987-ல் அமைதிப்படை போனபோது அந்த நன்றிக்கடன்கூட இல்லை. அனுப்பியிருக்கவே கூடாது என்பது என் கட்சி. தமிழரைக் காக்கப் போய் புலிகளோடு சண்டை. சுமார் 1,200 இந்திய வீரர்கள் பலி. செத்த தமிழ்ச் சனங்கள் தனிக்கணக்கு. 1990 மார்ச்சில் சென்னைக்குத் திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.