காலை வானொலி ஊரை விட்டுப் போன கதை

இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக் கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் வகுப்பில் இலங்கை வானொலியின் வரலாற்றைச் சொல்லிக் கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன் கேட்டான்: "எங்கட ஊருச் செய்தி ஏன் சேர் ரேடியோவில வாறல்ல?" சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்விதான் மனதில் நின்றது.

நம் நாட்டில் வானொலி தலைநகரில் தொடங்கி ஊருக்கு வந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமானது. அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவை வந்தது 1979இல். ஐம்பது வருடங்களுக்கு மேல் நாடு முழுக்க கொழும்பின் குரலைத்தான் கேட்டது. நம் வாப்பாமார் காலையில் ரேடியோவைத் திருகினால் செய்தியும் மரண அறிவித்தலும் அங்கிருந்துதான் வந்தன.

அமெரிக்காவில் இது தலைகீழாக நடந்தது. ஊரில் பிறந்த காலை நிகழ்ச்சி தலைநகரங்களுக்கும் கம்பனிகளின் கைக்கும் போனது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். நம் பிள்ளையின் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

*

காலை நிகழ்ச்சி என்றாலே அங்கு ஊர் நிகழ்ச்சிதான். நியூயோர்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். நிலையத்தில் 1925இல் ஜோன் கேம்ப்ளிங் என்பவர் காலை உடற்பயிற்சி நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஒரே குடும்பம் 2000ஆம் ஆண்டு வரை அந்த நிலையத்தின் காலையை நடத்தியது. நம் ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் பேக்கரி நடத்துவது போல.

நாடு முழுக்கக் கேட்ட காலை நிகழ்ச்சியே இருக்கவில்லை என்பதல்ல. சிகாகோவிலிருந்து டொன் மெக்னீல் நடத்திய 'பிரேக்பாஸ்ட் கிளப்' 1933 முதல் 1968 வரை பெரிய வலையமைப்பொன்றில் ஒலித்தது. ஆனால் தொலைக்காட்சி வந்து மாலை நேரத்தைப் பறித்துக் கொண்ட பிறகு, வானொலி பிழைத்தது காருக்குள்ளும் குசினிக்குள்ளும்தான். 1954இல் ட்ரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. வேலைக்குப் போகிறவனுக்கு மூன்று விசயம் வேண்டும்: இப்போது மணி என்ன, மழை வருமா, எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது. இந்த மூன்றையும் அந்த ஊரில் இருப்பவன்தான் சொல்ல முடியும். அதனால் காலை அறிவிப்பாளர் அந்த ஊரின் ஆளாகவே இருந்தார்.

மற்ற நிகழ்ச்சிகள் ஊர் விட்டு ஊர் போயின. 1970 ஜூலை 4ஆம் திகதி கேசி கேசமின் 'அமெரிக்கன் டொப் 40' ஏழு நிலையங்களில் தொடங்கியது. நிகழ்ச்சியை இசைத்தட்டில் பதிந்து தபாலில் அனுப்புவார்கள். வாரம் ஒரு முறை வரும் பாட்டு நிகழ்ச்சிக்கு அது போதும். இன்று காலை மழை பெய்கிறது என்பதைத் தபாலில் அனுப்ப முடியுமா? காலை நிகழ்ச்சியைக் காப்பாற்றியது அந்தத் தாமதம்தான்.

அந்த வேலியை உடைத்தது செய்மதி. 1980களில் ஓர் ஊரில் பேசுவது அதே நொடியில் ஆயிரம் மைல் தள்ளிய ஊரில் கேட்டது, அதுவும் கட்டுப்படியாகும் செலவில்.

*

இந்த இடத்தில் நான் மிகவும் விரும்பும் மனிதர் ஒருவர் வருகிறார். பெயர் டொம் ஜோய்னர். அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் பிறந்த கறுப்பினத்தவர். 1985இல் அவருக்கு இரண்டு வேலைகள் ஒன்றாக வந்தன. டலஸ் நகரில் காலை நிகழ்ச்சி, சிகாகோவில் பின்னேர நிகழ்ச்சி. இரண்டு நகரங்களுக்கும் இடையில் ஏறத்தாழ 800 மைல். எதை விடுவது? அவர் எதையும் விடவில்லை. காலையில் டலஸில் பேசி முடித்து விமானம் ஏறி, பின்னேரம் சிகாகோவில் பேசி, இரவு திரும்பி வந்தார். வாரத்தில் ஐந்து நாள், இப்படி எட்டு வருடங்கள். சனங்கள் அவரைப் 'பறக்கும் அறிவிப்பாளர்' என்றார்கள்.

1994இல் ஏபிசி வானொலி அவரிடம் வந்தது. இனி நீங்கள் பறக்க வேண்டாம், உங்கள் குரல் பறக்கட்டும் என்பது போல, அவருடைய காலை நிகழ்ச்சியை நாடு முழுக்கக் கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு அது பரவியது.

ஒரு சிறுபான்மைச் சமூகத்திற்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்பதை நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. பல நகரங்களில் சிதறிக் கிடந்த மக்கள் ஒரே காலையில் ஒரே பேச்சைக் கேட்டார்கள். ஜோய்னர் சிரிக்க வைத்தார், பாட்டுப் போட்டார், நடுவில் வாக்காளராகப் பதியச் சொன்னார். 1998இல் கறுப்பின மாணவர்களின் கல்லூரிகளுக்காக ஒரு நிதியம் தொடங்கினார். 1999இல் கொம்பியூஎஸ்ஏ என்ற கணினிக் கடை நிறுவனம் கறுப்பின ஊடகங்களுக்கு விளம்பரம் தருவதில்லை என்று பேச்சு வந்தபோது, அங்கு வாங்கிய பொருட்களின் பற்றுச்சீட்டுகளை அனுப்பி வையுங்கள் என்று நேயர்களிடம் கேட்டார்கள். அனுப்பினார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. தனித்தனி ஊர் வானொலிகளால் இதைச் செய்திருக்க முடியாது.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. ஜோய்னர் வந்த ஊர்களில் காலையில் பேசிக் கொண்டிருந்த அந்த ஊர் அறிவிப்பாளர் எங்கே போவார்? அவரும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான். ஊரின் பள்ளிக்கூடச் செய்தியையும் நகரசபைச் சண்டையையும் சொல்லிக் கொண்டிருந்தவர் அவர். ஒரு சமூகம் நாட்டளவில் குரல் பெற்ற அதே நாளில் ஊரளவில் ஒரு குரலை இழந்தது. இந்தக் கணக்கை ஒரு பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது.

*

ஜோய்னருக்கு முன்பே பாதையைத் திறந்தவர் ஹவார்ட் ஸ்டேர்ன். அவருடைய பேச்சை வகுப்பில் சொல்ல முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது. 1995இல் ஆபாசப் பேச்சு முறைப்பாடுகளை முடித்துக் கொள்ள அவருடைய நிறுவனம் 17 இலட்சம் டொலர் கட்டியது. ஆனால் வியாபாரப் பாடம் அவரிடம்தான் ஆரம்பிக்கிறது. 1986 ஓகஸ்டில் அவருடைய நியூயோர்க் காலை நிகழ்ச்சியைப் பிலடெல்பியாவிலும் போட்டார்கள். வேறு ஊர்க்காரன் பேச்சை எவன் கேட்பான் என்று துறையில் உள்ளவர்கள் சிரித்தார்கள். நான்கு வருடங்களில் அந்த ஊரின் முதலிடக் காலை நிகழ்ச்சியை அவர் முந்தினார். பிறகு வொஷிங்டன், 1991இல் லொஸ் ஏஞ்சல்ஸ். 1993இல் டொன் இமஸ், 1995இல் இண்டியானாபொலிஸின் 'பொப் அண்ட் டொம்' என்று வரிசையாக வந்தார்கள்.

இதில் ஒரு சின்ன விசயம் எனக்குப் பிடிக்கும். அமெரிக்கப் பெருநிலத்தில் நான்கு நேர வலயங்கள். நியூயோர்க்கில் காலை ஆறு என்றால் லொஸ் ஏஞ்சல்ஸில் அதிகாலை மூன்று. அதனால் நாடு முழுக்கப் பேசும் அறிவிப்பாளர் மணி சொல்ல மாட்டார். "மணி கடந்து பத்து நிமிடம்" என்பார். எந்த மணி என்பதைக் கேட்பவர் தானே போட்டுக் கொள்ள வேண்டும்.

*

சிறிய நிலைய உரிமையாளர்கள் ஏன் இதை வாங்கினார்கள்? கணக்கு இலேசானது. ஊர் அறிவிப்பாளர், தயாரிப்பாளர், செய்தியாளர் என மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நிகழ்ச்சியோ பல நேரம் காசில்லாமலே கிடைக்கும். பதிலுக்கு நிகழ்ச்சிக்காரருக்குச் சில நிமிட விளம்பர நேரத்தைக் கொடுத்தால் போதும். ஊர் விளம்பரத்திற்கும் காலநிலைக்கும் நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள்.

1996 பெப்ரவரியில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இதை வெள்ளமாக்கியது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த எல்லை நீக்கப்பட்டது. சில வருடங்களுக்குள் கிளியர் சனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்ந்தன. நிகழ்ச்சிகளை நாடு முழுக்க விநியோகிக்கும் நிறுவனமும் அதனிடமே இருந்தது. சந்தையும் அவனுடையது, சரக்கும் அவனுடையது.

*

வடக்கு டகோடாவில் மைனொட் என்றொரு சிறு நகரம். அங்கே ஆறு வானொலி நிலையங்கள் கிளியர் சனலின் கையில் இருந்தன. 2002 ஜனவரி 18, இரவு ஒன்றரை மணி கடந்த வேளை. உறைபனிக் குளிர். நகரின் ஓரத்தில் சரக்கு ரயிலொன்று தடம் புரண்டு, அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. சனங்கள் இருட்டில் ரேடியோவைத் திருகினார்கள். வெளியே ஓடுவதா, கதவை அடைத்து உள்ளே இருப்பதா என்று தெரிய வேண்டும். பொலிஸார் நிலையத்திற்கு அழைத்தார்கள், தொடர்பு கிடைக்கவில்லை. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

நிலையத்தில் ஆள் இருந்தார், அவசர அறிவிப்புக் கருவியை அதிகாரிகள்தான் சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. அந்த விவாதம் நெடுநாள் நடந்தது. யார் பக்கம் பிழை என்றாலும், அந்த இரவில் ஊரின் குரல் வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலையைக் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

*

ஜோய்னர் 2019 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அவர் செய்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். தூரத்துக் குரல் கெட்டது என்பதல்ல என் முடிவு. தூரத்துக் குரல் வரும்போது ஊர்க் குரலுக்கு ஒரு நாற்காலி மிச்சம் வைத்தார்களா என்பதுதான் கேள்வி. வைத்த ஊர்கள் இரண்டையும் பெற்றன. வைக்காத ஊர்களில் ரேடியோ பெட்டி மட்டும் இருந்தது.

இனி அந்த மாணவனுக்கு என் பதில். மகன், ஊர்ச் செய்தி தானாக ரேடியோவில் வராது. ஊரில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டும், அவருக்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும். இன்று நம் ஊரில் அந்த வேலையைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் வட்ஸ்அப் குழுக்களும் செய்கின்றன. ஜனாஸா அறிவித்தலும், தண்ணீர் வெட்டும், காணாமல் போன பிள்ளையும் அங்குதான் வருகின்றன.

ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு வெள்ளம் வந்தால் ஒலிபெருக்கியின் திறப்பு யாரிடம் இருக்கிறது? அவருடைய தொலைபேசி இலக்கம் எத்தனை வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது? மின்சாரம் இல்லையென்றால் என்ன செய்வது? பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் சங்கத்தினரும் இந்தப் பதிவை வாசித்தால், மாரி மழைக்கு முன் இந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடி வையுங்கள்.

பெரியவர்கள் உங்கள் காலத்துக் காலை ரேடியோ ஞாபகங்களைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.