நுண்ணணிப் படப் பகுப்பாய்வில் சோதனை வடிவமைப்பு

டி.என்.ஏ. நுண்ணணி (மைக்ரோஅரே) என்பது ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயற்பாட்டை ஒரே நேரத்தில் அளக்க உதவும் சில்லு ஆகும். இருநிற முறையில், ஒப்பிடப்படும் இரு மாதிரிகளுக்கும் வெவ்வேறு ஒளிர்சாயங்கள் ஏற்றப்படுகின்றன. சில்லின் படத்திலுள்ள புள்ளிகளின் ஒளிச்செறிவை மென்பொருள் எண்ணாக மாற்றுகிறது. அம்மென்பொருளின் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்க உதவும் சோதனை வடிவமைப்பு முறை, வேளாண் ஆய்வில் தோன்றியதாகும்.

வயலில் தொடக்கம்

1919 முதல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு பிஷர், காரணிகளைத் தனித்தனியாக அன்றிச் சேர்த்தே மாற்றிச் சோதிக்கும் முறையை வலியுறுத்தினார். கள்ளக்குறிச்சிப் பகுதிக் கரும்பு வயலொன்றை எடுத்துக்கொள்வோம். நீர் குறைந்த பாத்தியில் பயன் தராத கூடுதல் உரம், நீர் போதுமான பாத்தியில் விளைச்சலைக் கூட்டலாம். இவ்வாறு ஒரு காரணியின் விளைவு மற்றொன்றைச் சார்ந்திருப்பது இடைவினை எனப்படும்.

இந்தியப் பங்களிப்பு

இரு நிலைகள் கொண்ட 7 காரணிகளுக்கு 128 சேர்க்கைகள் உண்டு. அனைத்தையும் சோதிப்பது கடினம். பி. சி. மகலனோபிசு 1931-இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த சி. ஆர். ராவ், 1940களில் செங்குத்து வரிசையமைப்புகளை அறிமுகப்படுத்தினார். இடைவினைகள் மிகச் சிறியவையாயின், இவ்வகை அமைப்பின் 8 சேர்க்கைகளே 7 காரணிகளின் முதன்மை விளைவுகளை மதிப்பிடப் போதும். 1950களில் அக்கழகத்திற்கு வந்த ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தாகுச்சி, பின்னர் இவ்வமைப்புகளைத் தொழிற்சாலைகளில் பரப்பினார்.

நுண்ணணியில் பயன்பாடு

1995-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஷீனா, பாட்ரிக் பிரவுன் உள்ளிட்டோர் அரபிடோப்சிஸ் செடியின் 45 மரபணுக்களை நுண்ணணி மூலம் அளந்தனர். பின்னணி ஒளியைக் கழிக்கும் முறை, புள்ளியின் எல்லையை வரையறுக்கும் முறையைவிட முடிவை அதிகம் பாதிக்கிறது என்பதை டெரி ஸ்பீடு உள்ளிட்ட குழுவினர் 2002-இல் காட்டினர்.

ஆகவே புள்ளியின் விட்டம், எல்லை வரையும் முறை, பின்னணிக் கழிப்பு, மங்கிய புள்ளிகளை நீக்கும் வரம்பு ஆகியவற்றைக் காரணிகளாகக் கொள்ளலாம். ஒரே படத்தை ஒவ்வொரு சேர்க்கையிலும் பகுப்பாய்ந்து முடிவுகளை ஒப்பிடலாம். ஒரே மாதிரிக்கு இரு சாயங்களையும் ஏற்றினால், விகிதம் 1-ஐ ஒட்டி அமைய வேண்டும்.

இச்சோதனை மட்டும் போதாது. பின்னணியைக் கழிக்காவிடில் சிதறல் குறையும். ஆனால் உண்மையான வேறுபாடுகளும் 1-ஐ நோக்கிச் சுருங்கி, மாறிய மரபணு மாறாததுபோல் தோன்றும். அதனால் தெரிந்த விகிதத்தில் கலந்த டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வையும் அளந்து, சிதறல் குறைவாகவும் விகிதம் சரியாகவும் உள்ள அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.